கூதிர்ப் பருவமும் நம்மவர் கழிப்பாடும்

நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று வகுத்தார் தொல்காப்பியனார். மக்கள் உண்ணும் உணவும், செய்யும் தொழிலும், வணங்கும் தெய்வமும் அவ்விரண்டையும் சார்ந்தே அமைவன. ஆதலின் ஒரு குலத்தாரின் வரலாற்றை அறியப் புகுவோர் முதற்கண் அவர் வாழ்ந்த நிலத்தையும், அந்நிலத்தில் அவர் கணக்கிட்டு வந்த பொழுதையும் அறிதல் வேண்டும். அரசர் பெயரும் போர் நடந்த ஆண்டும் அதன்பின் வருவன. நம் குலத்தாரைப் பற்றி எழுந்த கட்டுரைகள் பலவும், நாம் எவ்வரசரின் வழியினர், எப்பட்டம் பெற்றோம் என்பவற்றையே பெரிதும் ஆராய்ந்தன. அவ்வாராய்ச்சியை யாம் குறை கூறப் புகுந்தோமல்லேம். ஆயின் நம் பாட்டன்மார் ஐப்பசி அமாவாசை இரவில் எண்ணூர்க் கழியின் எவ்விடத்தில் வலை கட்டினர், அவ்விடம் அன்றைக்கு அவர்க்கு எம்முறையால் உரியதாயிற்று என்பதை எழுதி வைத்தார் நம்முள் அரியர். அக்குறையைச் சிறிதேனும் நீக்குதல் கருதியே இக்கட்டுரையை எழுதலானோம்.

நிலம்

வள்ளூர், மீஞ்சூரை அடுத்துக் கொற்றலையாற்றின் பாங்கரில் உள்ள ஊர். இவ்யாற்றைக் கொசஸ்தலையாறு என்றும் வழங்குவர். வள்ளூர் அணைக்கட்டில் தடைப்பட்டு நிற்கும் நீர் வயல்களுக்குப் பாய, மிஞ்சியது கிழக்கே சென்று எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும். அணைக்கு மேற்கே யாறு உழவர்க்கு உரியது. அணைக்குக் கீழே அது மெல்ல மெல்ல உவர்த்துக் கழியாகி நம்மவர்க்கு உரியதாகும். ஒரே நீர் ஓர் ஊரில் மருதமாகவும் அடுத்த ஊரில் நெய்தலாகவும் இருத்தலை இவ்விடத்திற் கண்ணாரக் காணலாம்.

முகத்துவாரத்திலிருந்து வடக்கு நோக்கினால், கடலுக்கும் கழிக்கும் இடையே காட்டுப்பள்ளி என்னும் மணற்றீவு நீண்டு கிடக்கும். அதன் மேல்புறத்துக் கழி பழவேற்காட்டு ஏரி வரையிற் செல்லும். பழவேற்காட்டு ஏரி, இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒரிசாவின் சிலிகைக்கு அடுத்த பெருமையுடையது. தெற்கே ஆரணியாறும், வடக்கே காளங்கியும் சுவர்ணமுகியும் அதனுள் நன்னீர் கொணர்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு அதனைக் கடலினின்றும் பிரிக்கின்றது. இவ்விரு முகத்துவாரங்களையும் இணைத்துச் செல்வது பக்கிங்காம் கால்வாய். 1806ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து எண்ணூர் வரையில் காக்ரேன் என்னும் ஆங்கிலேயர் வெட்டுவித்த கால்வாய் பின்னர் இருபுறமும் நீட்டப்பெற்றது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்திற் கூலியற்ற மக்களைக் கொண்டு அதன் பகுதிகள் வெட்டப்பட்டமையால், அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரை அது பெற்றது.

கழியின் கரையெங்கும் உப்பளங்களும் அலையாத்திச் செடிகளும் சேற்றுத் திடர்களும் உள. அயலூரார் கண்ணுக்கு இஃது ஒன்றுக்கும் உதவாத பாழ்நிலமாகத் தோன்றும். உழவர்க்கு விளையாத நிலம், கப்பற்காரர்க்கு ஆழமில்லாத நீர், பட்டணத்தார்க்கு நாற்றமுடைய சேறு. நம்மவர்க்கோ அது வயலும் களஞ்சியமும் ஆம். இப்பார்வை வேற்றுமையிலிருந்தே பின்னர்க் கூறப்படும் கேடு யாவும் விளைந்தது என்பதை அன்பர்கள் இப்போதே மனத்திற் கொள்க.

பொழுது

பெரும்பொழுது ஆறனுள் ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குறிஞ்சிக்குக் கூதிரும் முல்லைக்குக் காரும் சிறந்தன என்று கூறிய இலக்கண நூலார், நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதையும் உரியனவாக்கினர். கடற்றொழில் ஆண்டு முழுதும் நடைபெறுவதாதலின் அது பொருத்தமே. ஆயினும் கழியிற் றொழில் செய்வாரைக் கேட்பின், ஆறு பொழுதிலும் கூதிரே தலையாயது என்பர். அதன் காரணத்தை மாத அடைவில் இங்கே விரிக்கின்றோம்.

ஆவணியில் மேல்காற்றாகிய கோடை இன்னும் ஓயாது. யாற்றில் நீர் இல்லை. முகத்துவாரத்தில் மணல் ஏறி வாய் குறுகியிருக்கும். வெயிலால் நீர் வற்றி, கழியின் உப்பு சில இடங்களிற் கடலுப்பினும் மிகும். இந்நீரிற் கடலிலிருந்து குஞ்சாய் நுழைந்த வெள்ளை இறால் வளர்ந்துகொண்டிருக்கும். இறால் முட்டையிடுவது கடலில், வளர்வது கழியில், பருவமெய்தியபின் மீண்டும் கடலுக்கே செல்லும். பிறந்தகத்திற்கும் புக்ககத்திற்கும் இடையே ஒரு வழிதான் உண்டு, அவ்வழியே முகத்துவாரம்.

புரட்டாசியில் மாலைதோறும் இடிமழை பெய்யும். கழியின் மேல்நீர் சிறிதே இனிக்கத் தொடங்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பியவுடன் வடகீழ்ப் பருவமழை இறங்கும். அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி இது தொடங்குதல் வழக்கம். யாற்றிற் செந்நீர் வருகின்றது. நீர் கலங்கி உப்புக் குறைந்தவுடன், வளர்ந்த இறால் கூட்டங்கூட்டமாக முகத்துவாரத்தை நாடிப் புறப்படும். அது பகலில் அஞ்சிச் சேற்றிற் பதுங்கும். இரவில், வற்றத்தோடு இறங்கும். காருவாவும் வெள்ளுவாவும் ஆகிய நாட்களில் ஓதம் பெரிதாகலின் வற்றமும் விரைவுடையது. நம் கரையில் அந்நாட்களிலும் ஓதத்தின் ஏற்றிறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவினதே. எனினும் குறுகிய வாயில் அவ்வளவு நீர் இறங்குங்கால் அதன் இழுப்பு கழிகளை வளைக்கும். அவ்விழுப்பின் குறுக்கே கழிகளை ஊன்றிக் கட்டுவதே இறாலுக்குரிய கட்டுவலையாம். மடவையும் இப்பருவத்திலேயே சினை நிறைந்து கடலுக்கு ஏகும். கொடுவா அவற்றின் பின்னே இரைதேடி வாயில் வந்து நிற்கும். கிழங்கானும் கெளிறும் களிநண்டும் அவரவர்க்கு வாய்த்தபடி அகப்படும்.

கார்த்திகையிற் புயலும் பெருவெள்ளமும் வரும். வெள்ளம் மிகுந்த நாளில் வலையை எடுத்துவிடல் வேண்டும். இல்லையேல் வலையோடு கழியும் போம். முகத்துவாரத்து மணலைக் கடலுக்குள் தள்ளி வாயை அகலமும் ஆழமும் உடையதாக்குவதும் இவ்வெள்ளமே. மார்கழியில் நீர் தெளியும். தையில் ஓதம் கழிக்குள் தடையின்றி ஓடும். அடுத்த ஆண்டின் இறாற்குஞ்சு அதனோடு நுழையும். ஆகவே கூதிரின் வெள்ளம் ஓராண்டின் விளைவை அறுவடைக்கு அனுப்புவதோடு, வரும் ஆண்டின் விதைப்புக்கு வாயிலையும் திறந்து வைக்கின்றது. வெள்ளம் குறைந்த ஆண்டில் மணல் வாயை அடைக்கும். அவ்வாண்டின் இழப்பு மறு ஆண்டிலும் தொடரும்.

இதே பருவத்திற் கடற்கரையின் நிலை யாது? கோடையிலும் தென்றலிலும் வடக்கு நோக்கி ஓடிய கரைநீரோட்டம் வாடையிற் றெற்கு நோக்கித் திரும்பும். அலை வடகிழக்கினின்று சாய்ந்து வந்து மணற்றிட்டின்மேல் உடையும். திட்டும் நாளுக்கு நாள் இடம் மாறும். நேற்றுக் கட்டுமரம் தள்ளிய வழி இன்று இராது. பெரிய அலைகள் சில தொடர்ந்து உடைந்தபின் சிறிது ஓய்வு உண்டாகும். அவ்வோய்வை எண்ணியிருந்து மரத்தைத் தள்ளுதலே நம்மவர் அறிந்த வித்தை. அதுவும் கூடாத நாட்கள் கூதிரிற் பல. அந்நாட்களிற் கடல் மூடுகின்றது, கழி திறக்கின்றது. உப்பளத்திலும் மழையால் வேலை நின்றுவிடும். கடலும் உப்பும் கைவிட்ட மாதங்களிற் குடும்பத்தைக் காத்தது கழி ஒன்றே. கூதிரைத் தலையாயது என்று கழியோர் கூறுவதன் கருத்து இதுவே.

கப்பலோரும் கழியோரும்

இக்கரையின் வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் கப்பலோர் கண்கொண்டே அதனைக் கண்டனர். ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டிற் பழவேற்காட்டிற் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையிற் சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் அதுவே. 1825ஆம் ஆண்டில் அஃது ஆங்கிலேயர் கைக்கு முடிவாக வந்தது. அவர்தம் கல்லறைகளிற் பொறித்த எழுத்துக்களை இன்றும் அங்கே காணலாம். இவ்வளவு காலமும் அவர்க்குக் கூதிர் அச்சந் தரும் பருவமாகவே இருந்தது. சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் அக்காலத்திற் காப்புடைய துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆதலின் அக்டோபர் நடுவுக்குள் பெருங்கப்பல்கள் இக்கரையை விட்டு அகலுதல் வழக்கமாயிற்று. 1746ஆம் ஆண்டு செப்டம்பரிற் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, அக்டோபர் நடுவிற் கரையில் நின்றமையாற் புயலிற் சிக்கித் தம் கப்பல்கள் சிலவற்றை இழந்தார். கோட்டையை வென்றவர் கூதிரை வெல்லவில்லை.

கப்பலோர் அஞ்சி ஓடிய அதே ஐப்பசியிலேதான் நம்மவர் கழியில் வலை கட்டிக்கொண்டிருந்தனர். அரசர் கோட்டைகளைப் பற்றிய ஓலையும் தாளும் அயல்நாட்டுக் காப்பகங்களில் அடுக்கடுக்காக உள. கழியிற் கட்டிய வலைகளைப் பற்றியோ எழுத்துச் சான்று சிறிதே. சென்னை அரசாங்கம் 1907ஆம் ஆண்டளவிற் சர் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் மீன்வளத் துறையை அமைத்தது. அத்துறையிற் பின்னர்த் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹார்னெல் இக்கரையின் வலைகளையும் கட்டுமரங்களையும் ஆராய்ந்து, 1924ஆம் ஆண்டில் அத்துறை வெளியீட்டில் எழுதினார். நம் தொழிலைப் பிற நாட்டார் ஒருவர் பார்த்து எழுதியது மகிழ்ச்சிக்குரியதே. நம்மவர் எழுதாதது வருத்தத்திற்குரியது.

பாடு

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். கழியில் எவ்விடமும் ஒரு தன்மையதன்று. வாய்க்கு அருகே இழுப்பு மிகுதி. அங்கே வலை கட்டினவனுக்கு இறால் மிகும். உள்ளே செல்லச் செல்லக் குறையும். வலிமையுடையான் நல்லிடத்தை நாள்தோறும் பற்றிக்கொண்டால் எளியோன் பட்டினி கிடப்பான். பூசலும் கொலையும் விளையும். இதனைத் தடுக்க நம் முன்னோர் கண்ட முறைக்குப் 'பாடு' என்று பெயர். எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் இம்முறை உண்டு. வலை கட்டும் இடங்கள் வரையறுக்கப்பட்டன. ஊர்கள் நாள்முறை மாற்றிக் கழியில் இறங்கும். ஊருக்குள் தலைக்கட்டுக்கு ஒருவராகச் சீட்டுப்போட்டு, இன்னார்க்கு இன்ன இடம் என்று முடிவு செய்வர். இன்று நல்லிடம் பெற்றவன் அடுத்த முறையில் உள்ளிடத்துக்குச் செல்வான். தண்டமும் தீர்ப்பும் ஊர்ப் பஞ்சாயத்தினுடையன.

இதனை நூலறிவால் மட்டும் யாம் எழுதவில்லை. எமக்குப் பத்து வயது இருக்கும். எண்ணூர்ப் பெருந்துறைமுகம் கட்டப்படாத காலம். ஐப்பசி அமாவாசை இரவில் எம் தந்தையார் எம்மைத் தோணியில் அழைத்துச் சென்றனர். அன்று சீட்டில் எமக்கு வந்தது உள்ளிடம். வாய்க்கருகே கட்டியவர் எம் தந்தையாரோடு நெடுநாட் பேச்சற்றவர். வற்றம் தொடங்கியது. அரிக்கேன் விளக்கை வலையின் மடியருகே தாழ்த்தியபோது, இறாலின் கண்கள் சிவந்த மணிகள்போல் ஒளிவிட்டன. எம் கூடையில் அரைக்கூடையும் நிறையவில்லை. அவர் தோணி தாழ்ந்து மிதந்தது. “நம் வலையை அங்கே கட்டினால் என்ன, அப்பா?” என்று கேட்டோம். “இன்றைக்கு அது அவர் பாடு. நம் பாடு வரும்போது அவர் நம்மைக் கேட்கமாட்டார்” என்றனர். பகைவனுடைய உரிமையையும் இருளிற் காவலின்றிக் காத்த அம்முறையின் பெருமையை அறிய எமக்குப் பின்னும் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன.

பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு என்றும், பங்கு என்றும், படுதல் என்றும் பொருள் உண்டு. நெய்தலுக்குரிய சிறுபொழுதாகிய எற்பாட்டிலும் இச்சொல் உளது. ஆண்டு அது ஞாயிறு படுதலைக் குறிக்கும். கழியோர் வழக்கில் இடமும் முறையும் அன்று கிடைத்த மீனும் ஆகிய மூன்றையும் பாடு என்ற ஒரு சொல்லே சுட்டுகின்றது. உழைப்பையும் பங்கையும் வேறுவேறாக எண்ணாத மக்கள் வழங்கிய சொல் இது.

மறையாது கூற வேண்டிய குறையும் ஒன்று உண்டு. பாட்டுக்கு உரியோர்க்கு அது நீதி. உரிமை இல்லார்க்கு அது மூடிய கதவு. பிற ஊராரும் பிற குலத்தாரும் நல்லிடங்களினின்று விலக்கப்பட்டனர். இறால் வெளிநாட்டுச் சந்தையில் விலையேறிய பின்னர் இதனாற் பழவேற்காட்டிற் பூசல்கள் மிகுந்தன. இருளரும், நம் ஏழைப் பெண்டிரும், வலையும் தோணியும் இன்றி, மார்பளவு நீரில் மண்டியிட்டுக் கையாற் சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லிற் கடித்த பறியில் இடுவர். அவர் பெயர் எச்சீட்டிலும் ஏறவில்லை. பெண்டிர்க்குத் தலைக்கட்டும் இல்லை. நம் முன்னோரின் நெறியைப் போற்றுங்கால் இதனையும் உடன் கூறுதலே உண்மைக்கு அழகு.

படத்தில் இல்லாத கழி

பாட்டு முறைக்குப் பெருங்கேடு பூசலால் வரவில்லை. நீரின் நிலை மாறியதால் வந்தது. 1944ஆம் ஆண்டிற் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. சென்னை மக்களின் தாகந்தணிக்க அது வேண்டியதே. ஆயின் ஐப்பசியின் முதல் நீர் மேலேயே தங்கிவிட, தேக்கம் நிறைந்தபின் கார்த்திகையில் ஒரேயடியாகத் திறக்கும் நீர் கழிக்கு வருகின்றது. சிறிது சிறிதாக உப்புக் குறைந்து இறாலுக்கு வழி காட்டிய காலம் போய், வறட்சியும் பெருவெள்ளமும் அடுத்தடுத்து வரும் காலமாயிற்று.

அதன்பின் தொழிற்சாலைகள் வந்தன. 1994ஆம் ஆண்டு முதல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகமும், 2012ஆம் ஆண்டு முதல் 1500 மெகாவாட் அளவினதாக வள்ளூர் அனல்மின் நிலையமும், காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகமும் எழுந்தன. நாட்டுக்கு மின்சாரமும் வாணிகமும் வேண்டாவென்று யாம் கூறோம். எம் வீட்டு விளக்கும் அம்மின்சாரத்தாலேயே எரிகின்றது. நம் பிள்ளைகள் சிலர் அவ்விடங்களில் ஊதியம் பெறுவதும் உண்மை. ஆனால் அலையாத்தித் திடர்கள் மேடாக்கப்பட்டன. நிலக்கரிச் சாம்பற் குழம்பு குழாய் உடைந்து யாற்றிலும் கழியிலும் படிந்தது. தோணி சென்ற இடத்தில் முழங்கால் நீரும், முழங்கால் நீர் நின்ற இடத்திற் சாம்பல் மேடும் உண்டாயின. வலைக்கழி ஊன்றினால் சேற்றில் இறங்க வேண்டுவது சாம்பலில் இறங்குகின்றது. ஆழம் போனபின் இழுப்பும் இல்லை. இழுப்பு இல்லாத இடத்திற் பாடும் இல்லை.

2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், கார்த்திகை வெள்ளத்தின் நடுவே, மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கால்வாய் வழியாகக் கழியிற் பரவியது. தோணிகளும் வலைகளும் அலையாத்தி வேர்களும் கருமை பூண்டன. நம்மவர் வாளியும் கையும் கொண்டு அவ்வெண்ணெயை அள்ளியதை நாடு முழுதும் கண்டது. பாட்டுக்கு இறங்க வேண்டிய நாட்களில் எண்ணெய் அள்ள இறங்கினர். அதுவும் அதே நீர், அதே பருவம்.

இவ்வளவு கேட்டுக்கும் மூலமாகிய ஒன்றை இனிக் கூறுவோம். 1996ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் ஒப்புதல் பெற்ற கரையோர மேலாண்மைப் படத்தில் எண்ணூர்க் கழி காக்கப்பட வேண்டிய நீர்நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தது என்றும், பின்னர் அலுவலகங்களில் வழங்கிய படத்தில் அக்கழியின் பெரும்பகுதி காணப்படவில்லை என்றும் மீனவர் முறையிட்டு வருகின்றனர். கழி இருக்கின்றது; அதில் ஓதம் ஏறுகின்றது, இறங்குகின்றது; இறால் செல்கின்றது. தாளில் மட்டும் அது இல்லை! தாளில் இல்லாத நீரில் மண் கொட்டுவோனைத் தடுப்பது எங்ஙனம்?

இங்கே பிறநாட்டுச் செய்தி இரண்டு நமக்குப் பாடமாகின்றன. இலங்கையில் நீர்கொழும்புக் கழியிலும் நம்மைப் போன்றே முகத்துவாரத்தருகே இரவிற் கட்டுவலை கட்டி இறால் பிடிப்பர். அங்கும் சீட்டுப்போட்டே இடம் பகுத்துக்கொள்வர். அம்மீனவர் தம் வழக்கத்தைச் சங்கங்களின் வாயிலாக எழுத்தில் அமைத்தனர். 1958ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் அம்முறையைச் சட்ட விதியாகவே வெளியிட்டது. ஜப்பானியரும் 1901ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தால், கரையோரச் சிற்றூர்களின் பழைய நீருரிமைகளைச் சங்கங்களின் பெயரிற் பதிவு செய்தனர். அவர் வழக்கம் நம் வழக்கத்தினும் மூத்ததோ, சிறந்ததோ, யாம் அறியேம். வேற்றுமை ஒன்றே: அவர்தம் வழக்கம் ஏட்டில் ஏறியது, நம் வழக்கம் நாவிலேயே நின்றது. நாவில் நிற்கும் வழக்கம் அறிந்தோர் இருக்கும் வரையில் உயிர்வாழும். அவரோடு தானும் மறையும்.

நாம் செய்யத்தக்கது

சென்ற ஐப்பசியில் எம் வகுப்பு மாணவரை, அவருள் நம் குலத்துப் பிள்ளைகள் பலர், கழியிலுள்ள இடப்பெயர்களை எழுதுக என்று பணித்தோம். முகத்துவாரம் என்று அனைவரும் எழுதினர். இரண்டாவது பெயர் எழுதினார் சிலரே. மூன்றாவது எழுதினார் ஒருவருமிலர். அன்று மாலையே எமக்குப் பெரியப்பன் முறையாகும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். எண்பது வயதைக் கடந்தவர், கண் மங்கியவர். “பெரியப்பா, பாட்டு இடங்களைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றோம். தென்கரையிலிருந்து தொடங்கித் துடுப்புப் போடுவார்போற் கையை அசைத்துக்கொண்டே ஒவ்வொரு மடுவாக, ஒவ்வொரு திடராகச் சொல்லிக்கொண்டு போனார். பாதியில் நிறுத்தி, “இதெல்லாம் இப்போது எங்கே, தம்பி? சாம்பலுக்குக் கீழே அல்லவா கிடக்கிறது? எழுதி என்ன செய்யப்போகிறாய்?” என்றார். யாம் உடனே விடை கூற இயலவில்லை. சிறிது பொழுது கழிந்தபின் அவரே, “சரி, எழுது. இருந்தது என்றாவது தெரியட்டும்” என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவர்க்கு அன்று கூற இயலாத விடையை இப்போது கூறுகின்றோம். ஓர் இடத்துக்குப் பெயர் இருந்ததும், அதிற் றொழில் நடந்ததும், அதனை மக்கள் முறைவைத்துப் பகிர்ந்ததும் எழுத்தில் இருப்பின், அதனைப் பாழ்நிலம் என்று கூறுதல் எவர்க்கும் எளிதன்று. நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் அவ்வெழுத்து பேசும். அங்கே பேசாவிடினும், நம் பிள்ளைகளிடத்துப் பேசும்.

ஆதலின் நம் சங்கத்தாரை யாம் வேண்டிக்கொள்வன மூன்று. முதலாவது: எண்ணூர் முகத்துவாரம் தொடங்கிப் பழவேற்காடு வரையில், குப்பந்தோறும் முதியோரை அடுத்து, கழியிலுள்ள இடப்பெயர், வலைப்பெயர், மீன்பெயர், ஓதக்குறிப்பு, பாட்டு முறை ஆகியவற்றை மாத அடைவில் எழுதித் தொகுத்தல். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. படித்த இளைஞர் சிலரும் நோட்டுப் புத்தகங்களும் போதும். இரண்டாவது: ஊர்ப் பஞ்சாயத்துகளிற் பழைய சீட்டுக் கணக்கும் தீர்ப்புத் தாள்களும் எஞ்சியிருப்பின், கறையானுக்கு இரையாகாமுன் படி எடுத்துக் காத்தல். மூன்றாவது: அவ்வேட்டில் நம் உரிமையோடு, கையாற் சேறு தடவி இறால் பிடிக்கும் இருளர் பெயரையும் பெண்டிர் பெயரையும் சேர்த்தெழுதுதல். இம்மூன்றாவதைக் கேட்டு நம்முட் சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்க்கு யாம் கூறுவது இதுவே: நம்மைப் படத்தினின்று நீக்கினர் என்று முறையிடும் நாம், பிறரை நம் ஏட்டினின்று நீக்குதல் தகுமோ? சாம்பலும் எண்ணெயும் குலம் பார்த்துப் படிந்தனவல்ல.

இக்கட்டுரை அச்சேறி அன்பர் கையை அடையுங்கால் வாடை திரும்பியிருக்கும். மேற்கே மழை பெய்திருப்பின் அணைக்கட்டின்மேல் நீர் வழியத் தொடங்கும். எஞ்சியிருக்கும் ஆழத்திலேனும் இறால் தன் வழியை நாடிப் புறப்படும். அதற்கு நம் படமும் தெரியாது, பிறர் படமும் தெரியாது. நீர் உவர்ப்புக் குறைந்ததும் வற்றம் தொடங்கியதும் மட்டுமே தெரியும். அவ்விரவில் தம் பாட்டுக்கு இறங்கும் நம் சகோதரர்க்கு வலை நிறைக. அவர்தம் வீட்டில் எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று இருப்பின், மறுநாட் காலையில் அது தன் தந்தையிடம் அவ்விடத்தின் பெயரைக் கேட்டு எழுதி வைக்குமாக.